நாற்பத்திரண்டு முருங்கைக்காயும் ஒரு செமஸ்டர் ஃபீஸும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு நாற்பத்திரண்டு முருங்கைக்காய் வந்தது. கொண்டு வந்தவன் நான்தான். ஆனால், நான் கொண்டு வரப் போனது வேறு!

மகள் நித்யாவுக்குச் சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போய் ஏழு மாதமாகிறது. இருபத்தொன்பது வயது. கம்ப்யூட்டரே வேண்டாம், எம்.எஸ்ஸி. சைக்காலஜி படிக்கிறேன் என்றாள். சீட்டும் கிடைத்தது. முதல் செமஸ்டர் ஃபீஸ் நாற்பத்தெட்டாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்கு. அவள் கையில் இருந்ததோ இருபத்தைந்தாயிரம்.

"படிச்சு முடிச்சா மொத பேஷன்ட் நீங்கதானுங்கப்பா. தெனமும் மாடிப்படியை எண்ணறீங்களே..."

பதினேழு படி. எண்ணாமல் ஏறினால் எனக்குக் கால் வராது. இது ஒரு வியாதியா?

திங்கட்கிழமை பேங்குக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்தார். "கடனுக்கு, சம்பளம் வாங்கறவங்க ஒருத்தர் கையெழுத்து வேணுங்க" என்றார். மகளுக்கு வேலை இல்லை. எனக்கோ மில் பென்ஷன் — மாத்திரை வாங்கவே மூச்சு வாங்கும். வேலை இல்லாததால்தான் படிக்கப் போகிறாள். படிக்கக் கடன் கேட்டால் வேலை எங்கே என்கிறார்கள். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மறுநாள், இரண்டு பஸ் மாறி வெள்ளகோவில். மனைவியின் அண்ணன் அங்கே முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறார். கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டுமே! காப்பி வந்தது. இளநீர் வந்தது. மழையைப் பேசினோம், மாட்டைப் பேசினோம், காய் விலையைப் பேசினோம். மூன்று மணி நேரம் ஓடியது.

"வேற ஏதாச்சும் சேதிங்களா மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்..."

வெள்ளகோவிலுக்கு யாராவது இரண்டு பஸ் மாறிச் சும்மா போவார்களா? கிளம்பும்போது ஒரு பை நிறையக் காய் கொடுத்தார். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

"ஏனுங்க, பணம் கேட்டீங்களா இல்லீங்களா?" என்றாள் மனைவி.

"கேக்கலாம்னு வாயெடுத்தேன், இலை போட்டுட்டாங்க அம்மணி."

"அப்பச் சரி. காலேஜ்ல காயாவே கட்டுங்க!"

புதன்கிழமை, தவணை கேட்கலாம் என்று நானும் நித்யாவும் காலேஜ் ஆபீசுக்குப் போனோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியுமா? எல்லா நாற்காலியின் முதுகிலும் பெயின்ட்டில் நம்பர். கடைசி நம்பர் அறுபது. இருந்தது ஐம்பத்தேழு. என்னால் உட்கார முடியவில்லை. சூப்பரின்டென்டென்ட் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, பதினாலு, இருபத்தி மூணு, நாப்பத்தி ஒண்ணு... மூணு சேர் காணலீங்களே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எங்கீங்க வேலை பாத்தீங்க?"

"சோமனூர் மில்லுல ஸ்டோர் கீப்பருங்க. முப்பத்தியொரு வருசம்."

"எங்க ஸ்டோர் கீப்பர் வேலைய விட்டு நின்னு ரெண்டு மாசமாச்சுங்க. ஆடிட் வேற வருது..." என்று பெருமூச்சு விட்டார். "அது கெடக்கட்டும். வந்த விசயம் என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா..."

"சும்மா இல்லீங்க சார்!" நித்யா குறுக்கே விழுந்தாள். "எனக்கு ஃபீஸ் கட்டப் பணம் பத்தலீங்க. அப்பாவுக்கு எண்ணாட்டித் தூக்கம் வராதுங்க. ரெண்டுக்கும் சேர்த்து நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவர் சிரித்தார். "ஸ்டாஃபோட பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ்தானுங்க. பெரியவர் நாளைக்கே சேந்துக்கறாருங்களா?"

பாதி என்றால் இருபத்துநாலாயிரம். மிச்சம் ஆயிரம், பஸ்ஸுக்கு. வேலை போனவள் படிக்கப் போகிறாள். ரிட்டையர் ஆனவன் வேலைக்குப் போகிறேன்! "கேம்பஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா" என்று கட்டளை வேறு.

எங்கள் பக்கத்து ஆட்கள், 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். 'வேண்டும்' என்றும் வாய் திறக்க மாட்டோம். மரியாதை நல்லதுதான்... ஆனால், ஃபீஸ் கவுன்ட்டரில் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

நேற்று வெள்ளகோவிலிலிருந்து போன். "மாப்பிள்ளை, அன்னைக்குப் பணங்கிணம் ஏதாச்சும் வேணுங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன். நீங்க தப்பா நெனச்சுக்குவீங்களோன்னு உட்டுட்டேனுங்க. ஏதாச்சும் தேவைங்களா?"

அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கண் முன்னால் வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"காய் ரொம்ப ருசிங்க மச்சான்!"