விழுவதற்குச் சம்பளம்

அப்பாவின் வேலை விழுவது. கல்லூரி வராந்தாவில், மாடிப்படி முடிகிற இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். பக்கத்து அறையில் உதவியாளர் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் ஓடி வந்து தூக்குகிறார்கள், யார் கைபேசியிலிருந்து தலை நிமிராமல் தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு முன்பு, மூடிப்போன ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர் அப்பா.

அவரை வேலைக்கு வைத்த உளவியல் பேராசிரியர் இளைஞர் மனநலம் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர். கைபேசி பிள்ளைகளின் இரக்கத்தைத் தின்றுவிட்டது, அதனால்தான் அவர்களுக்குச் சந்தோஷம் இல்லை என்பது அவர் கட்சி. அப்பாவின் கட்சி வேறு.

"இன்னைக்கு ஒரு பொண்ணு என் தலையை மடியில வச்சிக்கிட்டு அழுதுடுச்சுடி. தங்கம்."

"இந்த வயசுல மடி கேக்குதாக்கும்" என்பாள் அம்மா.

நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். கயிறு அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கைச் சோதிப்பது என் வேலை. "நீ விழாம பாத்துக்கிற, நான் விழுந்து பாத்துக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்பு" என்று அப்பா கிண்டல் செய்வார்.

பிள்ளைகள் ஓடி வந்து அப்பாவைத் தூக்கத் தூக்கப் பேராசிரியரின் முகம் தொங்கியது. "கொஞ்சம் குறைச்சு முனகுங்க. இப்படி முனகினா கல்லுகூட எழுந்து வரும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு, உயிர் போகிற மாதிரி முனகினார். யாராவது வந்து தூக்க வேண்டும் அவருக்கு. ஒருவரும் வராத நாளில் சாப்பாடு இறங்காது.

ஒரு விதி இருந்தது. சோதனை முடிந்ததும் மாணவரை அறைக்குள் அழைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "அவர் நடித்தார், நலமாக இருக்கிறார்." பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதாம். அப்பா உள்ளே வந்து கையசைப்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அதே கல்லூரிக்குள்தான் போவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

போன மாதம், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர் கேண்டீன் வாசலில் விழுந்தார். அங்கே கேமரா கிடையாது. அங்கிருந்தவர்களில் ஒரு பெண்ணைத் தவிர எல்லோரும் உண்மை சொல்லப்பட்டவர்கள்.

யாரோ கைதட்டியிருக்கிறார்கள். "அங்கிள், இன்னைக்கு நடிப்பு தூள்!" என்றிருக்கிறான் ஒருவன். முதலாண்டுப் பெண்ணான அவள் மட்டும் அவரை நோக்கி ஓடினாள். தோழி கையைப் பிடித்து இழுத்தாள். "லூசு, அது டெஸ்ட்டு. போனா உன்னைத்தான் ஓட்டுவாங்க."

அவள் நின்றுவிட்டாள். உயிர் போகும்வரை அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அவளே சொன்னாளாம். இப்போது அவள் வகுப்புக்குப் போவதில்லை, தூங்குவதில்லை. "அவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். நான் பேசவில்லை.

நேற்று பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கேட்டாள்:

"கடைசியா விழுந்தாரே, அதை உங்க ஆராய்ச்சில சேத்துக்குவீங்களா சார்? ஒருத்தரும் வரலையே. நீங்க நெனச்ச மாதிரிதானே?"

"இல்லம்மா. அவங்களுக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும். அது செல்லாது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வேலையில்லாமல் எங்களோடு இருக்கும் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணன் எடம் காலியாத்தானே சார் இருக்கு? எனக்கும் அதே உடம்புவாகுதான்."

பேராசிரியர் பதில் சொல்வதற்குள் சித்தப்பா எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் சரிந்தார். தலை தரையில் மோதிய சத்தம் கேட்டது. முனகினார். நன்றாகவே முனகினார்.

அம்மா அசையவில்லை. நானும் அசையவில்லை.

பேராசிரியர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.