அவிழ்க்காத காப்பு

மஞ்சளும் தாரும் கலந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. அது கொழும்புக் கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்த என் அப்பாவின் வலது மணிக்கட்டு வாசனை.

அம்மாவும் நானும் அத்தையும் அப்புத்தளைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து "லயத்தில்", கூலிகளுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். எனக்கு எட்டு வயது. பட்டறைத் தொழிலாளர்கள் சங்கத்தில் தங்களுக்கென ஒரு கிளை தொடங்கி, முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, பசி வந்தால் ஆட்கள் ஊருக்கு நழுவிவிடுவார்களே என்று எல்லோருக்கும் பயமாம். அப்பாதான் எங்கள் மாரியம்மன் திருவிழா வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்: மஞ்சள் நூலால் "காப்பு" கட்டிக்கொண்டால், அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது, சாவு வீட்டுத் தீட்டும் ஆகாது. சிங்களவர்களும் முஸ்லிம்களும்கூடச் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்களாம். அடேயப்பா, இதையெல்லாம் அப்பா எழுதியிருந்த கடிதத்தை, நாங்கள் "நானா" என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் படித்துக் காட்டியபோது எனக்கிருந்த பெருமை!

அந்த வாரமே அம்மா காய்ச்சலில் விழுந்தாள். "தந்தி குடுத்துருவோம்" என்று அத்தை அழுதாள்.

"வேணாம் மதினி. காப்பு கட்டுன மனுசன் கெளம்பி வந்தா, அவரு பின்னாடியே எல்லாரும் கெளம்பிருவாங்க" என்றாள் அம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நானாகிட்டப் போயி, அம்மா நல்லா இருக்கான்னு அப்பாவுக்கு எழுதச் சொல்லு" என்றாள். பனியில் பாதை தெரியாமல் ஓடிப் போய், நானா இரண்டு முறை கேட்டும், "ஆமாங்க, நல்லா இருக்காங்க" என்று கூசாமல் சொன்னேன், பாவி.

நான்காம் நாள், விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் "பெரட்டுக்கு" ஆட்கள் கூடும் நேரத்தில், அம்மா போய்விட்டாள். சேதி சொல்லக் கூடாதென்று அவள் சத்தியம் வாங்கியிருந்ததால் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலைநிறுத்தம் வென்றது. அம்மா கையாலேயே காப்பை அவிழ்க்க வேண்டுமென்று, ஒரு சிவப்புச் சேலையோடு அப்பா வந்து சேர்ந்தார். அத்தை சொல்லி முடித்ததும், சட்டைப் பையிலிருந்து நானா எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்து, என்னைப் பார்த்து, "நீதானே தாயி எழுதச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். காப்பை அவர் அவிழ்க்கவே இல்லை. இற்று உதிரும்வரை கையிலேயே கிடந்தது.

பட்டறையும் இன்று இல்லை, லயமும் இடிந்து போயிற்று. அந்தக் கிளையின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் மட்டும் என் மடியில் கிடக்கிறது. "ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை" என்று அதில் ஒரு வரி. உண்மைதான். ஒருவர் திரும்பியிருப்பார், நான் பொய் சொல்லிவிட்டேன்.