மாத்திரையும் கசிப்பும் ஒரே கதவில்

பாமசி வேலையில் மருந்தை எடுத்துக் கொடுப்பது சுலபம். அது யார் வாய்க்குள் போகிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பதுதான் கஷ்டம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற சகபாடிகளே, இந்தப் பயம் உங்களுக்கும் பழகியிருக்கும். மலையகத்து நோர்வூட் டவுனில் எனக்கு வந்த பயத்தைச் சொல்கிறேன்.

கசக்குமா?

பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற செல்வமலருக்கு வலிப்பு வியாதி. மாதாமாதம் கிளினிக் மருந்துத் துண்டோடு வருவாள். அன்று கன்னம் வீங்கியிருந்தது. லயத்து வீட்டுப் படியில் விழுந்துவிட்டாளாம். புருஷன் மாரிமுத்து கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடித்தால் என்ன செய்வான் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரையை வாங்கியவள் போகாமல் நின்று கேட்டாள்: "அண்ணே, இத தூளாக்கிக் கலந்தா கசக்குங்களா?"

எண்ணெய் போட்ட கீல்

எதில் கலக்கப் போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். பயத்தில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். மூளையின் நரம்புச் செல்களில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. உடம்பே சுரக்கிற ஒரு ரசாயனம் வந்து தள்ளினால் அவை திறக்கும், நரம்பு அடங்கும். இந்த மாத்திரை கதவைத் தள்ளுவதில்லை. வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, கீலுக்கு எண்ணெய் போட்ட மாதிரி, அதே தள்ளலுக்குக் கதவை அடிக்கடி திறக்க வைக்கிறது. சாராயமும் அதே கதவில் இன்னோர் இடத்தைப் பிடித்து இளக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அடக்கம் அளவு மீறி, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

எச்சரிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன். கவுண்டரில் என் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப சத்தமே இருக்காதுங்களாண்ணே?"

கானுக்குள் போனது

மாதம் முடியுமுன்பே திரும்ப வந்து நின்றாள். மாத்திரை முழுக்க லயத்துச் சாக்கடைக் கானுக்குள் கொட்டிவிட்டதாம், மழைத் தண்ணி அடித்துக்கொண்டு போய்விட்டதாம். டொக்டரிடம் புதுத் துண்டு எழுதி வாங்கி வா என்றேன். போலீசுக்குச் சொன்னால் இவள் மாட்டுவாள், சொல்லாவிட்டால் அவன் போய்ச் சேருவான். சொன்னது நிஜமாக இருந்தால், மாத்திரை இல்லாமல் இவளுக்கே வலிப்பு வரும். "மாரிமுத்து நல்லா இருக்காரா?" என்று கேட்டே விட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "இன்னக்கி வரைக்கும் இருக்காருங்க."

வந்தது அவன்

அடுத்த நாள் புதுத் துண்டோடு மாரிமுத்துவே வந்தான். உயிரோடுதான் இருந்தான்.

"நேத்து ராவு அவளுக்கு வலிப்பு வந்துருச்சுண்ணே. நாந்தான் பாவி, மாத்திரைய கானுல கொட்டுனவன். நான் அடிச்சதுக்கு அவ, 'இனி அடிச்சா இந்த மாத்திரைய கசிப்புல கலந்துருவேன், சத்தமே இருக்காது, பாமசி அண்ணே சொல்லியிருக்காரு'ன்னா. அதுக்குப் பயந்துதான் கொட்டிட்டேன்; அன்னக்கிலருந்து நான் குடிக்கிறதே இல்ல."

மாத்திரையைக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "இனி இத அவ எங்க வைப்பான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே, நான் கேட்டா சிரிக்கிறா."

அவளிடம் நான் கேட்கவில்லை; ஆனால் காலையில் மாரிமுத்து ரோட்டில் நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்குகிறது.