பங்குனிக்குப் போட்ட டெல்லி டிக்கெட்

ஹால் ஷோகேசில் இருந்த கல்யாணப் பரிசுகளையெல்லாம் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, நடுத்தட்டில் ஒரு பித்தளை ஊதுபத்தி ஸ்டாண்டை மட்டும் நிறுத்தி வைத்தார். ஒரு விரல் நீளம் இருக்கும். கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிறகு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நகர்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் துணி யூனிட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“என்ன, ஸ்டாண்டுக்குக் காவலா?” என்று கேட்டேன்.

“டெல்லி மியூசியத்துல அந்தப் பொண்ணு சிலை இம்புட்டுதான் இருக்கும். எங்க நின்னா எனக்கு முழுசாத் தெரியும்னு பாக்கேன்.”

அவர் தன் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். என் வேலை இராஜபாளையத்தில் என்பதால் நாங்கள் இங்கே குடியிருந்தோம். அவர்தான் தினமும் பஸ்ஸில் போய் வருவார். சிந்து சமவெளிப் பாடத்தில் அந்த வெண்கலப் பெண்ணின் படம் வரும். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கை முழுக்க வளையல். வருடா வருடம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, மெழுகில் செய்து உலோகத்தை வார்த்த விதத்தைச் சொல்லிக் கொடுத்து, அது போதாதென்று வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லுவார். நேரில் பார்த்ததில்லை. டெல்லி என்ன, அவர் சென்னையையே தாண்டியதில்லை. ரிட்டயர் ஆனதும் போகலாம் என்று இருந்தோம். ஆசைப்படுகிற எல்லாவற்றையும் அங்கேதானே தள்ளி வைக்கிறோம்.

கண் முந்திக்கொண்டது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிற நோய். வலி கிடையாது என்பதால் வந்ததே தெரியவில்லை. பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும். நேர் எதிரே இருப்பது மட்டும் கடைசி வரைக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிற பைக் மீது மோதுகிறார், தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார் என்று நான் திட்டிக்கொண்டே இருந்தேன். மதுரையில் காட்டியபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டோம். அதைச் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் சத்தமாக ஏறினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்.

“மியூசியத்தை இப்பமே பாத்துறணும்.”

“அம்புட்டுத் தொலவு போயி ஒரு விரல் நீளப் பொம்மையவா பாக்கணும்?” என்றேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டார். மார்கழி, தையில் டெல்லியில் பனிமூட்டம், ரயில்கள் தாமதம். சித்திரை வந்தால் வெயில். அதனால் பங்குனிதான் தோது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை மியூசியம் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை. கூட்டம் சேர்ந்தால் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போலப் பார்க்கிற அவருக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும் என்பதால் திறந்தவுடனே உள்ளே போய்விட வேண்டும். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் அவருக்குக் கண் களைத்துவிடும். ஆகவே அசோகர், குப்தர் எல்லாரையும் விட்டுவிட்டு முதலில் அந்தப் பெண்ணிடம் போவது. மிச்சம் இருந்தால் மற்றவர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் போனிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ரயில், தங்குகிற இடம், ரயில் ஏ.சி. குளிருக்குச் சால்வை, சொட்டு மருந்து கெடாமல் வைக்கிற டப்பா என்று ஒன்றையும் நாங்கள் விடவில்லை.

ஊர்த் திருவிழாவை மட்டும் விட்டுவிட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ஒரு மதியம் மஞ்சள் பையோடு வந்தார்கள். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர்கள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, வந்த வேகத்தில் விஷயத்தைச் சொன்னார்கள்.

“ஏலே தம்பி, ஒன் கண்ணுக்கு அம்மனுக்கு நேந்துருக்கேன். இந்தப் பங்குனிக்கு நீ பூக்குழி எறங்குத. கொடி ஏறுனதும் காப்புக் கட்டிரணும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோவிலில் கொடி ஏறிக் காப்புக் கட்டிக்கொண்டால், பூக்குழி இறங்கித் தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கல் கூடாது. எங்கள் டெல்லி டிக்கெட் சரியாக அந்த நாட்களுக்குள்தான் விழுந்திருந்தது. நான் சொன்னதும் மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“ஏட்டி, பங்குனியில ஊர விட்டுப் போறதுக்கு டிக்கெட் போடுவாளா ஒருத்தி? இராஜபாளையத்துக்குப் போயிட்டா அம்மன் மறந்து போயிருமா?”

“மதினி, டாக்டரு நாள் சொல்ல மாட்டேங்காரு. அவிய ஒரே ஒரு ஆசைதான் வச்சிருக்காவ.”

“கண்ணு நல்லானா பொறவு எப்ப வேணா பாக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன பார்வை வராது என்று டாக்டர் சொன்னதை எடுத்துப் போட்டிருப்பேன். ஆனால் மதினி அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அழுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர் முடியாது என்று சொல்வார் என்று நம்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மழைக்கும் பஞ்சத்துக்கும் காரணம் கேட்டுக் குடைகிற மனுஷர்; கோவிலுக்கு வந்தாலும் கல்வெட்டைத்தான் படிப்பார். அன்றைக்கு அவர், “கட்டிக்கிடுதேன்க்கா” என்றார்.

மதினி போனபின் கேட்டேன். “உங்களுக்கே நம்பிக்கை இல்ல. பின்ன எதுக்கு?”

“ஒருவேளை வந்துட்டா?” என்றார்.

அந்த ஒருவேளையைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மகளிடம் சொல்லி டிக்கெட்டை ரத்து செய்தேன்.

கொடி ஏறிய அன்று அவர் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த நூலைக் கட்டினார்கள். அவர் மதினி வீட்டிலேயே தங்கிவிட்டார். நான் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருவேன். பூக்குழி அன்று என் உயிர் என்னிடம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆள் தெரியாது, குழியின் விளிம்பு தெரியாது. மதினியின் மகன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான். அவர் நேராக, எதிரே இருந்த கோபுரத்தைப் பார்த்தபடி நடந்து வந்துவிட்டார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. மதினி எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். நானும் ஒரு வாரம் அதை நம்பினேன். தினமும் காலையில் எதையாவது அவருடைய பார்வை ஓரத்தில் நீட்டி, “தெரியுதா?” என்று கேட்டேன்.

சித்திரையில் அழுத்தம் ஏறியது. டெல்லி வெயில் இருக்கட்டும், மதுரைக்குப் போய் வருவதே பாடாக இருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் அதற்குள் நரம்பு கெட்டுப்போய்விட்டது என்றார்கள். ஆடி பிறக்கும்போது வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பங்குனியில் போயிருந்தால் கண் நின்றிருக்குமா என்றால், அதுவும் இல்லை. ஒரு காலை நேரம் அவர் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் போனது. அவருக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

புரட்டாசியில் நான் மறுபடியும் ஆரம்பித்தேன். டெல்லி மியூசியத்தில் கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கவென்றே நகல் சிலைகள் வைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். தீபாவளி முடிந்ததும் போக டிக்கெட் போடச் சொன்னேன். அதைப் பெரிய சாதனை போல அவரிடம் போய்ச் சொன்னேன். வளையலை விரலால் எண்ணலாம், இடுப்பில் வைத்த கையைத் தொடலாம், கண்ணாடியே குறுக்கே வராது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“அங்க தொட்டுப் பாக்கக் குடுக்கிறது நகல்தானே?”

“நகல்தான். ஆனா அச்சு அசல் அதே மாதிரி.”

“அம்புட்டு வருசமா புள்ளைகளுக்கு நகலத்தான் காட்டுனேன்” என்றார். “நானும் நகலத்தான் பாத்தேன். இதுக்கு டெல்லி வரைக்கும் எதுக்கு?”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுக் கிளப்பியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே என் கையைத் தேடிப் பிடித்தார்.

“டிக்கெட்ட முழுசா ரத்து பண்ணிராத. மகளக் கூட்டிக்கிட்டு நீ போ. நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.”

“சரி” என்றேன். மறுநாள் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போட்டு ரெண்டு டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எப்படிச் சொல்வேன்? எனக்கு அந்தப் பொம்மை மேல் என்றைக்கும் ஆசை இருந்ததில்லை. அதைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் டெல்லிக்குக் கிளம்பினேன்.