மாப்பிள்ளை தொட்ட கம்ப்யூட்டர்

போன வாரத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை என் மகனுக்குச் சொந்தம். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். ஐயா ஹாக்கின்டாஷ் செய்கிறார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கடையில் கிடைக்கும் சாதாரண உதிரிபாகங்களை வாங்கி ஒன்றாகப் பூட்டி, அதில் மேக் கம்ப்யூட்டரின் மென்பொருளை ஏற்றி, ‘நீ மேக்தான், சந்தேகமே வேண்டாம்’ என்று அந்த மெஷினையே நம்பவைக்கும் கலைக்கு அப்படிப் பெயர். பாதிச் செலவு மிச்சம் என்றான். அந்தப் பாதியை மிச்சப்படுத்த ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறான்.

மெஷின் கண் விழித்ததும் ‘இப்படிப் போ’ என்று கை காட்டுகிற சின்னப் ப்ரோக்ராம் ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். அதில் எதையோ மாற்றுகிறான், மறுபடி ஆன் செய்கிறான், கறுப்புத் திரையில் ஏதோ எழுத்து வந்து அப்படியே நிற்கிறது, தலையில் கை வைக்கிறான். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, “பூட்லோடர் ஃபைல் எதையாவது இடம் மாத்தினியா? மாத்திட்டு அதுகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன். வெண்டைக்காயே வாய் திறந்து பேசியதுபோல் திரும்பிப் பார்த்தான்.

“உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?”

கேட்கிறான் பாருங்கள். அதற்குள், பாகங்களைப் பூட்ட அவன் எடுத்துக்கொண்ட பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்க ஃபேன் சுற்றி, சூடான தூசி வாசனை ஒன்று வந்தது. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அதுதான்.

அம்மா தீஸிஸ் டைப் அடிப்பவள். கேட்டில் போர்டு தொங்கும். அடையாறு பக்கத்துக் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்கிறவர்களெல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். மண்ணியல், மனோதத்துவம், கோழிக்கு வரும் வியாதி, எதுவானாலும் அம்மாவின் விரல் வழியாகப் போனால்தான் டாக்டர் பட்டம். பேராசிரியர்களின் இங்கிலீஷை அவள் ஓசைப்படாமல் திருத்துவாள். திருத்தியதை அவர்கள் கண்டுபிடித்ததே இல்லை. படித்துப் பார்த்தால்தானே.

டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி ஆயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருந்த பாபு, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது இருந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, பேசவும் கூடாது. வேலை முடிந்ததும் மானிட்டருக்கு ஒரு சட்டை, சி.பி.யு.வுக்கு ஒரு சட்டை, கீபோர்டுக்கு ஒரு தலையணை உறை. எனக்குக்கூட அம்மா அவ்வளவு சட்டை தைத்ததில்லை. அப்பா அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் இலாகா. கம்ப்யூட்டருக்கும் வைத்தார்.

அந்த வருஷம் அம்மா கையில் இருந்தது ஸ்டெல்லாவின் தீஸிஸ். நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரம், அம்மா ரோட்டோரம் மீன் விற்பவள். மகள் நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி. அந்தத் தெருவிலேயே அவ்வளவு தூரம் படித்தவள் அவள்தான். ஜனவரிக் கடைசியில் அவளுடைய கைடு ரிடையர் ஆகிறார். அதற்குள் தீஸிஸ் கொடுத்தாக வேண்டும். தவறினால் புது கைடு, புதுப் பதிவு, மறுபடி பல வருஷம். “முடிச்சுக் குடுத்துடறேன், கவலைப்படாதே” என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்த வாக்கில் அதுவரை தவறியதில்லை.

இந்த இடத்தில்தான் மார்கழி மாசம் பிறந்து, அமெரிக்காவிலிருந்து அக்காவும் அத்திம்பேரும் வந்து இறங்கினார்கள். அக்கா கச்சேரிக்கு வந்தாள். அத்திம்பேர் எங்களைத் திருத்த வந்தார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. சும்மா உட்காரத் தெரியாது, அவ்வளவுதான். முந்தின தடவை வந்தபோது எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, அது செய்கிற சத்தம் சரியில்லை என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார். அதற்கப்புறம் அது சத்தமே போடவில்லை, குளிரவும் இல்லை. இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“மாமி, விண்டோஸ்ங்கறது ஒரு ஜெயில். லினக்ஸ் போட்டுக் குடுக்கறேன். சுதந்திரம்னா என்னன்னு அப்பத் தெரியும்.”

ஜெயிலுக்குள் நிம்மதியாக டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘வேண்டாம்’தான். இரண்டாம் காப்பி வேண்டாமென்று அவர் சொல்லலாம், நாம் சொல்ல முடியாது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சின்னவள், யாரைப் பார்ப்பது, சுவரைப் பார்த்தேன். “உங்க இஷ்டம் மாப்பிள்ளை” என்றாள் அம்மா.

விண்டோஸையும் விட்டுவைத்து, பக்கத்தில் லினக்ஸையும் குடிவைத்தார். இரண்டுக்கும் வாசலில் லைலோ என்று ஒரு பூட்லோடர் காவல். மெஷினைப் போட்டதும் அது தன் பெயரின் நாலு ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். நாலும் வந்துவிட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும். அம்மா அவசரமாகப் பதில் அடிக்காவிட்டால் தானாகவே சுதந்திரத்துக்குள் போய்விடும். அங்கே என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியாது, மறுபடி ஆஃப், மறுபடி ஆன். அதையும் பொறுத்துக்கொண்டு டைப் அடித்தாள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் நாளன்று பெட்டியெல்லாம் கட்டியான பிறகு, “கொஞ்சம் க்ளீன் பண்ணிட்டுப் போறேன்” என்று அத்திம்பேர் மறுபடி உட்கார்ந்தார். எழுந்தபோது ஒரு ஃப்ளாப்பியை அப்பா கையில் கொடுத்தார். “எதாவது ஆச்சுன்னா இதைப் போட்டா எழுந்துடும். பத்திரம்.”

மறுநாள் காலையில் அம்மா மெஷினைப் போட்டாள். எல் வந்தது. ஐ வந்தது. அவ்வளவுதான். பாதிப் பெயரைச் சொல்லிவிட்டு லைலோ ஊமையாகிவிட்டது.

ஃப்ளாப்பி இருக்கிறதே என்று அப்பா கம்பீரமாக பூஜை அலமாரியைத் திறந்தார். பத்திரம் என்றால் அவருக்கு அந்த ஒரு இடம்தான். புதுச் சாமான் ஆயிற்றே, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மேலே ஒட்டியிருந்த லேபிளில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஃப்ளாப்பியின் சின்னத் தகரக் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே பளபளவென்று தெரிகிற வட்டத்தில் ஜோராக ஒரு பொட்டு. “சக்தி உள்ளதானே இருக்கு” என்றார். ட்ரைவில் போட்டோம். கரகரவென்று ஒரு சத்தம், கொஞ்சம் சந்தன வாசனை.

நான் தி. நகரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து அப்போதுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இன்ஸ்டிடியூட்டில் கரும்பலகையில் சாக்பீஸால் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பை முழுவதுமாகப் பிரயோகித்து, கேபினெட்டைத் திறந்து பெயின்ட் ப்ரஷ்ஷால் தூசி தட்டினேன். இரண்டு எழுத்தும் முன்னைவிடச் சுத்தமாகத் தெரிந்தன.

பாபு வந்தார். திரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய ஃப்ளாப்பியை எடுத்தார்.

“ஃபார்மட் பண்ணிடலாம்மா. மெஷின் புச்சு மாதிரி ஆய்டும்.”

“உள்ள இருக்கற தீஸிஸ்?”

“அது பூடும். ஆனா மெஷின் சூப்பரா இருக்கும்.”

அந்தக் காலத்தில் மெட்ராஸில் கம்ப்யூட்டருக்கு ஜுரமா, ஃபார்மட். இருமலா, ஃபார்மட். பாபு மேல் தப்பில்லை, எல்லாக் கடையிலும் அதே மருந்துதான். அம்மா ஓடிப்போய் சி.பி.யு.வுக்கு முன்னால் நின்றுகொண்டாள். “நீங்க காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்றாள். பாபு காப்பியைக் குடித்துவிட்டு, எப்படியும் கூப்பிடத்தான் போகிறோம் என்று ஃப்ளாப்பியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அமெரிக்காவில் இருந்தார். ஒரு போன் போட்டால் முடிந்தது. அப்பா தடா போட்டார். “மாப்பிள்ளை ஆசையாப் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கார். கெட்டுப்போச்சுன்னு சொன்னா மனசு சங்கடப்படாதா?” மாப்பிள்ளையின் மனசு என்பது எங்கள் வீட்டில் கண்ணாடி ஜாடி. ஃப்ரிட்ஜ் செத்ததையே இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா தினமும் வந்தாள். படியேறும்போதே கேட்பாள், “மெஷினு இன்னும் அப்டியே கீதா, ஆன்ட்டி?” அம்மா அவளிடம் இருந்த கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பழைய டைப்ரைட்டரில் முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நடக்கிற காரியமா. அத்தனை அட்டவணைகள், அத்தனை நண்டுகள். ஒரு நாள் ஸ்டெல்லா என் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எங்கப்பா இப்பவே என்னை டாக்டருனு சொல்லிக்கினு கீறாரு ஆன்ட்டி. குப்பத்துல யாருக்குனா காய்ச்சல்னா எங்கூட்டுக்குத்தான் அனுப்புறாரு. அவராண்ட நான் இன்னா சொல்றது?”

அம்மாவின் கை, டைப்ரைட்டரில் இல்லாத ஏதோ ஒரு கீபோர்ட் பட்டனைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லாவும் இருந்தாள். அக்கா பேசிவிட்டு அத்திம்பேரிடம் கொடுத்தாள் போலிருக்கிறது, அப்பா நிமிர்ந்து நின்றார்.

“கம்ப்யூட்டரா? ரொம்ப நன்னா இருக்கு மாப்பிள்ளை. ஓடிண்டே இருக்கு. மாமி உங்களைத்தான் புகழ்ந்துண்டிருக்கா.”

ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. வெறுமே பார்த்தாள். அம்மா எழுந்து வந்து அப்பா கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பா கையிலிருந்து அவள் எதையும் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

“மாப்பிள்ளை, ஓடலை. நீங்க போனதுலேருந்து ஓடலை. எல், ஐ, அதோட நிக்கறது.”

அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ நீளமாக வந்தது. நடுவில் சுதந்திரம் என்ற சொல் எங்களுக்கே கேட்டது.

“எனக்குச் சுதந்திரம் வேண்டாம் மாப்பிள்ளை. ஒரு பொண்ணோட படிப்பு உள்ள மாட்டிண்டிருக்கு. பழையபடி பண்ணிக் குடுங்கோ.”

அப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். போனில் அத்திம்பேரின் குரல் இறங்கியது. சுத்தம் செய்கிறேன் என்று லைலோவின் ஃபைல் ஒன்றை வேறு இடத்தில் வைத்ததும், வைத்த இடத்தை அதனிடம் சொல்லாமல் கிளம்பியதும் அவருக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாபு விட்டுப்போன ஃப்ளாப்பியால் மெஷினை எழுப்பி ஒரே ஒரு வரி அடித்தால் லைலோ கழன்றுகொள்ளும், விண்டோஸ் தானாக வந்துவிடும் என்றார். நான் போனில் கேட்டு எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அம்மா அடித்தாள். என்டரைத் தட்டுமுன் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டாள். அப்பா பூஜை அலமாரிப் பக்கம் திரும்பினார். விண்டோஸ் வந்தது. நண்டுகள் அத்தனையும் இருந்தன. ஸ்டெல்லா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கைடு ரிடையர் ஆவதற்குள் தீஸிஸ் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் அம்மா பாபுவைக் கூப்பிட்டனுப்பினாள். “நான் இல்லாம யாரும் இதைத் திறக்க முடியாதபடி பூட்டு உண்டா?” உண்டு என்றார் பாபு. மெஷின் முழித்ததுமே, வேறெதுவும் வருமுன், பாஸ்வேர்ட் கேட்கும்படி செட்டிங் போட்டுவிட்டு நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை அடித்தாள்.

அடுத்த தடவை வந்த அத்திம்பேர் பழக்கதோஷத்தில் போய் உட்கார்ந்தார். “மாமி, பாஸ்வேர்ட் கேக்கறதே?”

“ஆமாம் மாப்பிள்ளை, கேக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு முடியாது என்று சொல்லப்பட்டது அன்றைக்குத்தான். வானம் ஒன்றும் இடியவில்லை.

இப்போது தீஸிஸை அவரவரே அடித்துக்கொள்கிறார்கள், தப்பும் தவறுமாக. ஃபார்மட் போடுவோம் என்று சொல்ல ஆளில்லை. மெஷின் நின்றால் என் மகன் முகம் தெரியாத யாரிடமோ நெட்டில் கேட்கிறான், அவர்களும் ராத்திரி பகல் பார்க்காமல் பதில் சொல்கிறார்கள். அவர்கள் மனசு சங்கடப்படுமே என்று இவன் கவலைப்படுவதில்லை.

அம்மா போனது அந்த பாஸ்வேர்ட் போட்டதிலிருந்து சில வருஷம் கழித்து. காரியமெல்லாம் ஆகிப் பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்த மறுநாள், அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாஸ்வேர்ட் என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அக்கா பேர், என் பேர், கபாலி, கற்பகம், அம்மா பிறந்த ஊர். ஒன்றுக்கும் திறக்கவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு அப்பா தனியாகப் போய் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துப் பார்த்ததை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். அதற்கும் திறக்கவில்லை. ஸ்டெல்லாவின் பேரா, பாட்டு ஏதாவதா, யாருக்கும் சொல்லாத எதுவோவா. அழுகை வரவேண்டிய நேரத்தில் அப்படி யோசித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அத்திம்பேருக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கேபினெட்டைத் திறந்தார். உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி, மெஷின் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருப்பது அதன் தயவில். நெம்பி எடுத்தார், கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டார்.

“அவ்ளோதான். அந்த பாஸ்வேர்ட் அழிஞ்சு போச்சு. இனிமே கேக்காது.”

கேட்கவில்லை. திறந்துகொண்டது. உள்ளே யார் யாருடைய தீஸிஸோ வரிசையாக இருந்தன. அம்மாவுடையது என்று ஒன்றும் இல்லை.

“ரொம்ப உபகாரம் மாப்பிள்ளை” என்றார் அப்பா.

நான் பின்பக்கம் துணி காயும் இடத்துக்குப் போய் நின்று அழுதேன். அத்தனை நாளும் வராத அழுகை. எங்களில் ஒருவருக்கும் சொல்லாமல் அம்மா தனக்கென்று ஒரு வார்த்தை வைத்திருந்தாள். மத்தியானக் காப்பி கலப்பதற்குள் அது எங்கேயும் இல்லாமல் போய்விட்டது.