எல்லைச்சாமிக்கு எத்தனை உயிர்?

"எங்க சாமிக்கு எத்தன உயிர் போட்டிருக்க?"

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், செங்கம் சாலையில் ஒரு கஃபே மாடியில், என் தோழி கல்பனா இப்படிக் கேட்டாள். கையில் பகடை. முகத்தில் சிரிப்பு இல்லை.

"நூத்தி இருபது," என்றேன். கேட்டால் உடனே எண் சொல்லிப் பழகிய வாய்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். வார நாட்களில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஞாயிறுகளில் கதை விளையாட்டு... இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதியவர்களுக்காக: இது பேசியே ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதவைத் திறக்கலாமா, ஓடலாமா, வெட்டலாமா — முடிவு அவர்களுடையது. வெட்டு விழுந்ததா என்பதைப் பகடை சொல்லும்.

இதற்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதற்குத் துணையாக வருகிறவை மான்ஸ்டர் புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு பூதம். மேலே படம், கீழே பட்டியல். எங்கே இருக்கும், எத்தனை உயிர்ப்புள்ளி, என்ன ஆயுதம், எதற்குப் பயப்படும், கொன்றால் என்ன கிடைக்கும்.

எனக்கு விதிப் புத்தகத்தைவிட இவைதான் பிடிக்கும். ஏன் என்று யோசித்ததுண்டு. இவை பயத்தை விற்பதில்லை. நிம்மதியை விற்கின்றன. பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. எண் இருந்தால் கழிக்கலாம். கழித்துக்கொண்டே போனால் பூஜ்யம் வரும். வாழ்க்கையில் வேறு எந்தத் தொல்லைக்கு இந்த வசதி இருக்கிறது, சொல்லுங்கள்?

அப்படி ஒரு புத்தகத்தை இப்போது நானே எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு சின்னப் பதிப்புக் குழு கேட்டது. டிராகன் வேண்டாம், பனிமலை ராட்சசன் வேண்டாம், உங்கள் பக்கத்து ஏரி, காடு, கிணறுகளிலிருந்து பூதங்கள் வேண்டும் என்று. என் முதல் புத்தகம். ஒவ்வொரு பூதத்தையும் ஆட்டக்காரர்களோடு மோதவிட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

கடைசியாக மிச்சமிருந்தவன் ‘கரை அரக்கன்’. அட்டையில் வரப்போகிறவனும் அவன்தான். படம்கூட வரைந்தாகிவிட்டது. சின்ன வயதில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்து, சட்டென்று கண்ணை மூடிக்கொண்ட ஓர் உருவம் எனக்குள் இருந்தது. அதைத்தான் பெரிதாக்கியிருந்தேன்.

அன்று மேஜையைச் சுற்றி மூன்று பேர். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் கல்பனா. கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் இருக்கும் பிரகாஷ். கணக்கு டியூஷன் எடுக்கும் இர்ஃபான். ஆட்டத்தில் கல்பனாவின் பெயர் வீரம்மா. கோடாலிக்காரி. இத்தனை நாள் ஆட்டத்தில் ஒரு சண்டையைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். ஏரிக்கரை. மதகு. ஒற்றைப் புளியமரம். அடியில் உட்கார்ந்திருக்கும் பெரிய உருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு. உருட்டிய கண். முறுக்கிய மீசை. தூக்கிப் பிடித்த கத்தி...

"நிறுத்துடி," என்றாள் கல்பனா.

நிறுத்தினேன்.

"புளியமரத்துக்குப் பின்னாடி மண்ணுக் குதிர ரெண்டு நிக்குமே, அது எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஊர் அந்தப் பஸ் போகிற வழியில்தான். அதற்கப்புறம் வந்ததுதான் முதல் வரியில் நீங்கள் படித்த கேள்வி.

என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பட்டியலைப் படித்தாள். "பலவீனம்... நெருப்பா? வருசா வருசம் அவர் முன்னாடி அடுப்பு வெச்சுத்தான் பொங்கலே வெக்கறோம். அவருக்கு நெருப்பப் பாத்தா பயமா?"

பிரகாஷுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, உங்க குலசாமியக் கொன்னா எவ்ளோ பாயின்ட்டுன்னு பாருங்க. ஜாஸ்தியா இருந்தா எனக்கும் பங்கு குடுங்க."

"வாய மூடுடா. உனக்கு இன்னா தெரியும்?"

இர்ஃபான் சமாதானத்துக்கு வந்தார். "பேரை மாத்திடலாங்க. மீசைய எடுத்துடலாம். வேற ஆளாயிடும்."

"மீசைய எடுத்துட்டா எனக்கு அடையாளம் தெரியாதா சார்? எனக்கு மொட்ட போட்டதே அவர் காலடியில வெச்சுதான்."

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "கற்பனைதானேடி?"

"கற்பனைன்னா எதுக்கு எங்க ஏரிக்கரையப் போட்ட? உங்க தெருவப் போட வேண்டியதுதானே?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கோபத்தில் எழுந்தால் கூப்பிட்டு உட்காரவைக்கலாம். இது கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது. வீட்டில் அவள் அம்மாவிடம் இந்த மேஜையைப் பற்றி எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன். இனிமேல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் இவள் வரமாட்டாள் என்று தோன்றியது. அட்டைப் படமும் நினைவுக்கு வந்தது — மறைக்காமல் சொல்கிறேன், அதுவும் வந்தது.

படிவரைக்கும் போனவள் நின்றாள். பகடை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. திரும்பி வந்து அதை மேஜையில் வைத்தாள். உருட்டவில்லை. வைத்தாள்.

"வீரம்மா கோடாலியக் கீழ வெக்கறா," என்றாள்.

"சரி... அப்புறம்?"

"செருப்பக் கழட்டறா. கிட்டப் போறா. கேக்கறா."

"என்னனு?"

"உனக்கு இன்னா வேணும்னு."

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். துணைப் புத்தகங்களைப் புரட்டினேன். பூதத்தைத் தாக்க வழி இருக்கிறது. ஏமாற்ற, மயக்க, தப்பி ஓட வழி இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்? என்னிடம் இருக்கும் எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இல்லை. நான் எழுதியதிலும் இல்லை.

"ரூல் இல்லன்னா எழுதுங்கக்கா," என்றான் பிரகாஷ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "நீங்கதானே எழுதறீங்க?"

எனக்கு எழுதத் தெரியவில்லை. அதனால் கல்பனாவையே கேட்டேன்.

"அவர் இன்னா கேப்பாருடி?"

பையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"ஜாஸ்தி ஒண்ணும் கேக்க மாட்டாரு. பொங்கல், சுருட்டு எல்லாம் நம்ம ஆசைக்குப் படைக்கறது. அவருக்கு, போகும்போது சொல்லிட்டுப் போணும். திரும்பி வந்தா, வந்துட்டேன்னு சொல்லணும். அவ்ளோதான். எங்கப்பா மல்லாட்ட மூட்ட லோடு ஏத்திட்டு வேன் எடுத்தாருன்னா அங்க நிறுத்தி எறங்கி சொல்லிட்டுத்தான் கெளம்புவாரு. நான் மொத நாள் வேலைக்கு வந்தப்பகூட பஸ்லருந்தே சொன்னேன்."

நான் கண்ணை மூடிக்கொண்ட அதே ஜன்னல்.

ஆட்டம் தொடர்ந்தது. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று வீரம்மா அவரிடம் சொன்னாள். ஆட்டத்தில் பிரகாஷின் பாத்திரமான திருடனும் சொன்னான் — உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது, பாவம், திணறிவிட்டான். கரையைத் தாண்டிப் போனார்கள். போன வேலை முடிந்ததும் வந்த வழியிலேயே திரும்பி, வந்துவிட்டோம் என்றார்கள். ஒரு பகடையும் உருளவில்லை. இதுவரை நான் நடத்தியதில் இவ்வளவு அமைதியான ஞாயிறு இல்லை. இவ்வளவு பயமாக இருந்ததும் இல்லை.

மறுநாள் பெங்களூருக்கு எழுதினேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன், அட்டையையும் மாற்றுங்கள் என்று. பதில் உடனே வந்தது. படம் பிரமாதம், எடுக்க வேண்டாம். உயிர்ப்புள்ளி கம்மியாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் இருநூறாக ஆக்கிவிடலாமே?

இருநூறு! அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன சனிக்கிழமை வரை நானும் அந்தக் கணக்கில்தானே இருந்தேன்? போனில் பேசி ஒருவழியாகப் புரியவைத்தேன். அட்டைக்கு இப்போது என் கிணற்றுப் பாம்பு போகிறது. சுமாரான பாம்பு. ஓவியர் என்னோடு பேசுவதில்லை.

மற்ற பூதங்களின் பட்டியல்களில் ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: ‘என்ன கேட்கும்?’ எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. பலவீனத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் போதும். என்ன வேண்டும் என்று தெரிய, பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது. என் தெருமுனை நாயையும் என் டீம் மேனேஜரையும் இத்தனை நாள் மனதுக்குள் எந்த வரியில் எழுதி வைத்திருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நாய்க்கு வேண்டியது தெரிந்துவிட்டது. என் வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மேனேஜரிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

நேற்று கல்பனா போன் செய்தாள். அண்ணன் குழந்தைக்கு அடுத்த மாதம் மொட்டை. ஏரிக்கரையில்தான்.

"நீயும் வாடி," என்றாள். "பகடைய மட்டும் எடுத்துட்டு வராத."