இப்பதான் குடிச்சோம்

புதுச்சேரியில் ஊழியம் செய்த பதினோரு மாதங்களில் நான் அதிகம் சொன்ன பொய் 'இப்பதான் குடிச்சோம்' என்பது.

நான் மலேசியாக்காரி. எங்களுடையது மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். எங்கள் சபையில் இளவயதில் ஒன்றரை வருடம் வீட்டை விட்டு, அனுப்புகிற ஊருக்குப் போய் ஊழியம் செய்வது வழக்கம். எனக்கு இந்தியா என்று வந்தது. தமிழ் தெரியும் என்பதால் புதுச்சேரியில் கொண்டுவந்து விட்டார்கள். "உனக்கென்ன, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி" என்றார் அம்மா. வந்து இறங்கிய அன்றே ஆட்டோக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "சிலோனா?" என்றார்.

எங்களுக்கு டீயும் காபியும் ஆகாது. அது சபையின் கட்டளை. ஆனால் இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்பில் பால் ஏறிவிடும். கட்டளையை விளக்கினால் "டீயில இன்னா பாவம்?" என்று அரைமணி நேரம் ஓடிவிடும். எனக்குப் பொறுமை குறைவு. அதனால் அந்தச் சின்னப் பொய்யைப் பிடித்துக்கொண்டேன்.

ஊழியத்தில் எனக்குத் துணையாக இருந்தவள் ஆந்திராக்காரி. இருவராகத்தான் இருக்க வேண்டும், ஒருத்தி கண்ணில் படாமல் இன்னொருத்தி எங்கும் போகக் கூடாது என்பது விதி. விதிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம் எப்போதும் அவள் பையில் இருக்கும். என்னுடையது எங்கே என்று நான் தேடிக்கொண்டிருப்பேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும், அவளுக்கு வரவே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

காலை ஆறரைக்கு எழுவோம். மொட்டைமாடியில் உடற்பயிற்சி, குளியல், வேதபாடம், பிறகு வெயிலில் வீடு வீடாகப் போவது. தண்ணீர் விஷயத்திலும் கறார். வெளியே எங்கும் குடிக்கக் கூடாது. முன்னால் வந்தவர்கள் வயிற்றுப்போக்கில் படுத்ததால் வந்த விதி. ஆளுக்கொரு பாட்டில் தோளில் தொங்கும்.

திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள், வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற நாள். அந்த வாரம் எதற்கெல்லாம் நன்றி என்று கடைசியில் எழுதுவது எங்கள் குடும்பப் பழக்கம். ரமலான் மாதம் முழுக்கக் கஞ்சி கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு பாய் குடும்பத்துக்கு எழுதியிருக்கிறேன், கொசுவலைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் வேடிக்கையாக, 'டீயிலிருந்து தப்பித்த ஒன்பது வீடுகளுக்கு நன்றி' என்றும் எழுதினேன். அந்தக் கடிதம் இன்னும் மின்னஞ்சலில் கிடக்கிறது.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் அந்த அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. மில் மூடிய பிறகு கணவர் ஆட்டோ ஓட்டினார். எங்கள் சபைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரி மூலமாக அக்காவே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். போன முதல் நாளே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க அம்மா காலத்துல மாதா கோயில்ல எங்க ஆளுங்களுக்குத் தனி எடம். அம்மா கடைசி வரிக்கும் கதவாண்டதான் ஒக்காந்துச்சு. உங்க சபையில எப்டி சிஸ்டரு?"

"யார் எங்கே வேணும்னாலும் உட்காரலாம் அக்கா" என்றேன், பெருமையாக.

"சரி, பாக்கலாம்" என்று டீ போட எழுந்தார்.

"வேணாம் அக்கா, இப்பதான் குடிச்சோம்."

வியாழன்தோறும் போனோம். வாராவாரம் அவர் டீ என்பார், நான் அதையே சொல்வேன். ஐந்தாவது வாரம் அவர் டீ பேச்சே எடுக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. வெயிலில் வந்த களைப்பில் என் பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து வராதீங்க சிஸ்டரு."

"ஏன் அக்கா?"

"காலனில இருக்கறேன், கக்கூஸ் கழுவுறேன். இப்பதான் குடிச்சோம்னு சொல்றவங்கள சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். ஆனா அவங்ககூட வூட்டுலேர்ந்து தண்ணி எடுத்தாந்து என் எதுர்ல குடிச்சதில்ல."

கட்டளையைச் சொன்னேன், தண்ணீர் விதியையும் சொன்னேன். என் காதுக்கே அது சாக்காகக் கேட்டது.

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா?" என்றார். வெட்கமாக இருந்தது. மலேசியாவில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு இப்படியொரு பழைய வேலை இருப்பது எனக்குத் தெரியாது.

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் துணை, பஸ்ஸில்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அவருக்கு முழுநாள் லீவு ஞாயிறுதான். வந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, எங்களுக்கு நோன்பு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஆராதனை முடிந்து உச்சி வெயிலில் நடந்து போனோம்.

அக்கா சிரிக்கவில்லை. நேராக என் தோளைப் பார்த்தார்.

"பாட்டிலு எங்க?"

"எடுத்துட்டு வரலை அக்கா."

உண்மைதான். நோன்பு நாளில் எதற்கு என்று வீட்டில் விட்டு வந்திருந்தோம். தனக்காக விட்டு வந்தோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகம் இளகியது. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நீட்டினார்.

"டீதான் ஆவாது. தண்ணி ஆவும்ல?"

இன்றைக்கு நோன்பு என்று சொல்லியிருக்கலாம். அது சத்தியம். நான்கு வாரமாகச் சொன்ன பொய்யைவிட அந்த வாசலில் அதுதான் பெரிய பொய்யாகக் கேட்டிருக்கும். வாங்கி வாய் வைத்துக் குடித்தேன், முழுவதும். துணையின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

டம்ளர் காலியானதும் என் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. "எனக்கும் அக்கா" என்றாள் அவள். விதிப் புத்தகம் அவள் பையில்தான் இருந்தது.

அந்த மாத நோன்பை மறுநாள், திங்கட்கிழமை, துணி துவைத்துக்கொண்டே இருந்து முடித்தோம். அன்றைய கடிதத்தில் நன்றிக்குக் கீழே 'ஒரு டம்ளர் தண்ணீர்' என்று மட்டும் எழுதினேன். அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடா என்று கேட்டு அம்மா பதில் போட்டார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவிடம் நோன்பைப் பற்றி இன்றுவரை நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். நாங்கள் கூடுவது ஒரு கடைக்கு மேலே வாடகை ஹாலில். கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனவர், அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விடுவிடுவென்று முன்வரிசைக்கு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கொதிக்க வச்சி ஆறவச்சது. பயப்படாம குடி."

குடித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் பாட்டிலின் வாயைத் துடைக்காமல் அப்படியே குடித்தார்.